பொறுப்பு டீச்சருக்கு வந்த குறிப்பாணை

மாநிலத்தின் தொடக்கக் கல்வியை நிர்வகிக்கும் உயர் அலுவலர்களுக்கு,

எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியின் பொறுப்பு தலைமை ஆசிரியைக்கு டிசம்பர் மாதம் ஒரு குறிப்பாணை வந்தது. ஒன்றரைப் பக்கம், ஒன்பது இனங்கள். மாணவர் வருகைப் பதிவு மூன்று நாட்கள் குறித்த நேரத்துக்குள் செயலியில் ஏறவில்லை. பெற்றோர் கைப்பேசி எண் சரிபார்ப்பு முடியவில்லை. ஆதார் புதுப்பிப்பு ஆறு பேருக்கு நிலுவை. விலையில்லா நோட்டுப் புத்தகம் கொடுத்த விவரம் ஏறவில்லை. மேலாண்மைக் குழுத் தீர்மானம் ஏறவில்லை. கழிப்பறைப் படம் மங்கலாக இருக்கிறது. இப்படியே போய், ஒன்பதாவதாகக் காய்கறித் தோட்டத்தின் புகைப்படம். கடைசிப் பத்தியில் ‘மெத்தனப் போக்கு’ என்ற சொல். மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், தவறினால் துறை நடவடிக்கை என்று முடிந்திருந்தது.

அதை நான் நான்கு முறை படித்தேன். அந்தப் பள்ளியில் 41 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்பது இனங்களில் ஒன்றாவது அவர்களுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வருகிறதா என்று கேட்கிறதா எனத் தேடினேன். கேட்கவில்லை.

நான் அதே பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து 2023 மே மாதம் ஓய்வு பெற்றவள். இந்த மடலை எழுத வேண்டியவர் அந்த ஆசிரியைதான். ஆனால் அவர் எழுத முடியாது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இல் இருந்து நம் எல்லோர் வாயையும் கட்டிப் போட்டிருக்கின்றன. சங்கம் பேசட்டும் என்றால், சங்கத்துக்கு ஊதியம், ஓய்வூதியம், மாறுதல் என்று ஆயிரம் கவலை. ஓய்வு பெற்றவளுக்கு இழக்க ஒன்றும் இல்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

கல்வராயன் மலை அடிவாரத்து ஊர் இது. என் காலத்தில் தலைமை ஆசிரியை ஒருவர், இடைநிலை ஆசிரியை ஒருவர் என இரண்டு பணியிடம். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் தலைமை ஆசிரியராக வந்தார், ஒரே ஆண்டில் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிச் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து அந்த நாற்காலி காலி. இடைநிலை ஆசிரியையிடமே பொறுப்பையும் கொடுத்துவிட்டீர்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் மாற்றுப் பணியில் வந்து போகிறார். மீதி இரண்டு நாளும் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். அந்த ஒரே ஆளுக்குத்தான் இந்தக் குறிப்பாணை.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, ஒரு பள்ளியின் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது. இரண்டு பணியிடப் பள்ளியில் ஒன்று காலியாக இருந்தால் அது ஐம்பது விழுக்காடு. இதற்கு யார் யாருக்குக் குறிப்பாணை கொடுத்தார்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் நான் அவருக்குத் துணையாகப் பள்ளியில் இருந்தேன். “அக்கா, இன்னைக்கு மட்டும் வந்து மூணாம் வகுப்பப் பாத்துக்கங்க” என்று முதல்நாள் ராத்திரி போன் செய்திருந்தார். அன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எட்டு மணிக்குச் சமையல் கூடம். செவ்வாய் என்றால் காலை உணவு கிச்சடி. மகளிர் குழுப் பெண்கள் இறக்கி வைத்ததை ஒரு வாய் உண்டு பார்த்து, படம் எடுத்து, எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று ஏற்ற வேண்டும். இந்தக் காலை உணவை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பசித்த வயிற்றோடு வந்து பதினொரு மணிக்குச் சுவரில் சாய்ந்துவிடும் பிள்ளைகளை முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தவள் நான். ஆனால் அதற்கும் ஒரு செயலி, அதற்கும் ஒரு நேரக் கெடு. வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் ஐந்து வகுப்பின் வருகைப் பதிவு. எங்கள் பள்ளிக் கட்டடத்துக்குள் டவர் கிடைக்காது. வாசலைத் தாண்டி மேல்நிலைத் தொட்டியின் படிக்கட்டில் நான்கு படி ஏறினால் கிடைக்கும். ஏறினார். செயலி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு வழியாக ஏறியபோது மணி பத்து ஆகப் போகிறது.

பத்தே காலுக்கு அலுவலகத்திலிருந்து வாட்ஸப். இன வாரியாக, பால் வாரியாக மாணவர் எண்ணிக்கை, ‘மிக அவசரம், இன்று 11 மணிக்குள்’. அந்த எண்ணிக்கை ஏற்கெனவே எமிஸில், அதாவது பள்ளி விவரங்களை ஏற்றும் துறையின் கணினித் தளத்தில், இருக்கிறது. ஏற்றியதும் இவர்தான். உங்கள் கணினியில் இருக்கும் எண்ணை உங்களுக்கே திருப்பிச் சொல்ல ஒரு ஆசிரியை வகுப்பை விட்டு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசி எண் சரிபார்ப்பு. பெற்றோருக்கு ஓடிபி போகும், அவர்களைக் கூப்பிட்டு அதைக் கேட்டு வாங்க வேண்டும். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே என்று வங்கி ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது. கரும்புத் தோட்டத்தில் நிற்கும் அப்பனிடம் “நான் டீச்சர்தான் பேசறேன், நம்பர் சொல்லுங்கண்ணா” என்று இவர் கெஞ்சினார். அவர் “டீச்சர் குரல் மாதிரி இல்லியே” என்று வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சருக்கு வரவில்லை.

நடுவில் சத்துணவு முட்டைக் கணக்கு. பழுதான மின்விசிறிக்கு ஆள். மதியம் வாக்காளர் பட்டியல் வேலை பற்றி அழைப்பு. 2025 நவம்பர் 4-ஆம் தேதியிலிருந்து பட்டியலின் தீவிரத் திருத்தம் நடந்துகொண்டிருந்தது, இவர் வாக்குச்சாவடி நிலை அலுவலரும்கூட. ஆசிரியர்களைக் கல்வி சாரா வேலைக்கு அனுப்பக் கூடாது என்னும் அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு தேர்தல் பணிக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது, தெரியும். ஆனால் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு ஆசிரியர்களை விடுமுறை நாட்களிலும் கற்பித்தல் இல்லாத நேரத்திலும்தான் பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொன்னதும் எங்களுக்குத் தெரியும்.

நான்கு பத்துக்கு மணி அடித்தபோது கணக்குப் பார்த்தேன். அன்று அவர் கரும்பலகை முன் நின்றது மூன்று துண்டாக நாற்பது நிமிஷம். முதல் வகுப்புக்கு அன்று பாடம் எடுத்தது ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. நன்றாகத்தான் எடுத்தாள், குச்சியை மட்டும் கொஞ்சம் அதிகமாக ஆட்டினாள். முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. நாளுக்கு நான்கு மணி நேரம். அந்தச் செவ்வாய்க்கிழமை 41 பிள்ளைகளுக்கு அது எங்கே போனது என்று எந்தச் செயலியிலும் கட்டம் இல்லை.

தலைமை ஆசிரியர் என்றால் யார் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அதனால் ஒரு பழைய கதை சொல்கிறேன்.

என்னிடம் புதிதாக வேலைக்கு வந்த ஒரு தம்பி இருந்தார். துடிப்பானவர், பிள்ளைகளும் அவரிடம் ஒட்டிக்கொண்டார்கள். ஒருநாள் மூன்றாம் வகுப்பு நோட்டுகளைப் புரட்டினேன். 42-இல் 17 போனால் 35 என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். அவர் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 25 என்று திருத்தி, ‘கவனம் தேவை’ என்று எழுதியிருந்தார். கவனக் குறைவு இல்லை அது. 2-இல் 7 போகாது, ஆகவே 7-இல் 2-ஐக் கழி, 5. 4-இல் 1 போனால் 3. பிள்ளைகள் சின்ன எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து கழித்திருக்கிறார்கள். அவர்கள் போட்டது அவர்கள் அறிந்த அளவில் சரியான கணக்கு. ‘கடன் வாங்கு’ என்று சொல்லிக் கொடுத்தாரே தவிர, யாரிடம் வாங்குவது, வாங்கினால் எத்தனை வரும் என்று காட்டவில்லை.

அன்று பள்ளி விட்டதும் அவரை உட்கார வைத்தேன். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு நான்கு கட்டு, உதிரியாக இரண்டு. “இதுலேர்ந்து பதினேழு எனக்குக் குடுங்க தம்பி” என்றேன். இரண்டு உதிரியைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். ஒரு கட்டைப் பிரித்தார். உதிரி பன்னிரண்டு ஆனது. அந்த நொடி அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மறுநாள் அவர் வகுப்பில் நான் பின்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தேன், குறிப்பு எடுக்காமல், ஒன்றும் சொல்லாமல். பத்து நாளில் 35 மறைந்துவிட்டது. இப்போது அவர் வேறு மாவட்டத்தில் தலைமை ஆசிரியர். தீபாவளிக்குப் போன் செய்யும்போதெல்லாம் “ஈர்க்குச்சி எப்படி இருக்கு டீச்சர்” என்றுதான் ஆரம்பிப்பார்.

தலைமை ஆசிரியரின் வேலை இது. சக ஆசிரியரின் வகுப்பில் போய் உட்காருவது, பிள்ளையின் தவறில் ஆசிரியரின் தவறைக் கண்டுபிடிப்பது, அதை அவர் மனம் நோகாமல் சரிசெய்வது. இதற்குப் பெரிய பட்டம் வேண்டாம். மாலையில் அரை மணி நேரமும் ஒரு கட்டு ஈர்க்குச்சியும் இருந்தால் போதும். அந்த அரை மணி நேரம்தான் இப்போது யாரிடமும் இல்லை. இப்போதைய பொறுப்பு டீச்சருக்கு உட்கார்ந்து பார்க்க இன்னொரு ஆசிரியரே இல்லை என்பது வேறு விஷயம். மாற்றுப் பணிக்கு வருபவர் தன் பள்ளியின் செயலி வேலையையும் கைப்பேசியில் சுமந்துகொண்டுதான் வருகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது எங்கள் பகுதிக்கே உரியது. மார்கழி பிறந்ததும் கரும்பு வெட்டு ஆரம்பித்துவிடும். மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக லாரியில் ஏற்றிப் போவார். பிள்ளைகளும் கூடவே போய்விடும். சித்திரையில் திரும்பி வரும்போது அ, ஆ கூட மறந்திருக்கும். நான் செய்ததெல்லாம் லாரி வருவதற்கு முன் வீடு வீடாகப் போனதுதான். “நீங்க போங்க, புள்ளைய ஆயாகிட்ட விட்டுட்டுப் போங்க. காலைலயும் மத்தியானமும் சோறு இங்க இருக்கு. ராத்திரிக்கு மட்டும் ஆயா பாத்துக்கட்டும்” என்று சொல்லிச் சொல்லியே சில வருஷம் பத்துப் பதினைந்து பிள்ளைகளை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆயா உடம்பு சுகமில்லாமல் படுத்தால் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் சாப்பிட்ட நாளும் உண்டு. இப்படி வீட்டுக்கு வீடு நடக்க மாலை நேரம் வேண்டும், மேஸ்திரியோடு சண்டை போட ஊரில் நமக்கு ஒரு மதிப்பு வேண்டும். இந்த வருஷம் லாரி வந்த வாரத்தில் பொறுப்பு டீச்சர் வாக்காளர் படிவத்தோடு அதே தெருக்களில்தான் நடந்துகொண்டிருந்தார். அதே வீடுகள், அதே திண்ணைகள். ஆனால் அவர் கேட்க வேண்டியிருந்தது அந்த வீட்டுப் பெரியவர்களின் பெயர்களை. பிள்ளையைப் பற்றிப் பேச அவருக்கு மூச்சு இல்லை. இந்தப் பொங்கலுக்குப் பின் எட்டுப் பிள்ளைகள் வரவில்லை. எமிஸில் அவர்கள் பெயர் பத்திரமாக இருக்கிறது.

சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் வர வைக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பற்றி நீங்கள் சொல்வீர்கள். அதை எதிர்ப்பவள் இல்லை நான். பெருந்தொற்றுக்குப் பின் 2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது, மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் அதற்கு முன் முதல் வகுப்பையே முழுதாகப் பார்த்திராதவர்கள். அவர்களுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டியிருந்தது. 2022 ஜூன் மாதம் திட்டம் தொடங்கியபோது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பது எனக்குப் பிடித்தே இருந்தது. 2007-இல் செயல்வழிக் கற்றல் வந்தபோது பாயில் உட்கார்ந்து அட்டைகளை எண்ணிய தலைமுறை நாங்கள். அன்று சுவரைச் சுற்றி அடித்த தாழ்மட்டக் கரும்பலகை இன்னும் அந்த வகுப்பறையில் இருக்கிறது, பிள்ளைகள் இன்னும் அதில் கிறுக்குகிறார்கள். நல்ல திட்டத்துக்கு ஆசிரியர்கள் எதிரி இல்லை.

ஆனால் என் கடைசி வருஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லாமல் விட்டால் இந்த மடலில் உண்மை இருக்காது. பாடத்துக்கு இடையிடையே வைக்கும் வளரறி மதிப்பீட்டை ஆசிரியரின் கைப்பேசியிலேயே ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து முடிக்க வேண்டும். கடைசித் தேதி இரவு. பதினொரு பிள்ளைகள் பாக்கி. பகலில் டவர் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மாடியில் நின்றுகொண்டு அந்தப் பதினொரு பிள்ளைகளுக்கும் நானே விடை தொட்டேன். யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று எனக்குத் தெரியும், அதனால் நியாயமாகவே தொட்டேன் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் அது பொய். முப்பத்தேழு வருஷ வேலையில் ஒரு பிள்ளையின் விடைத்தாளில் நான் கை வைத்தது அன்று ஒரு நாள்தான். மறுநாள் எங்கள் பள்ளி நூறு விழுக்காடு முடித்த பள்ளிகளின் பட்டியலில் வந்தது. வாட்ஸப் குழுவில் கைதட்டும் படம் வந்தது.

இப்போது பொறுப்பு டீச்சருக்குக் குறிப்பாணை வரக் காரணமான இனங்களில் ஒன்று, மூன்று பிள்ளைகளுக்கு மதிப்பீடு விடுபட்டிருக்கிறது என்பது. அந்த மூவரும் அந்த வாரம் காய்ச்சலில் கிடந்தார்கள். என்னைப் போல் இரவு மாடியேறி விடை தொட்டிருந்தால் அவருக்கும் கைதட்டல் கிடைத்திருக்கும். அவர் தொடவில்லை. நீங்கள் தண்டிக்கப் பார்ப்பது அந்த நேர்மையை.

விவரங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை பிள்ளைகள், எத்தனை முட்டை, யாருக்குச் சீருடை போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல் ஒரு அரசு நடக்க முடியாது. முன்பு சேர்க்கை நீக்கல் பதிவேட்டில் ஒரு பெயர் தேட அரை நாள் ஆகும், இப்போது ஒரு நொடியில் வருகிறது. மாற்றுச் சான்றிதழுக்கு ஏழைப் பெற்றோர் நடையாய் நடந்த காலம் போயிற்று. கணினியைக் குறை சொல்லும் கிழவி என்று என்னை ஒதுக்கிவிடாதீர்கள். எழுத்தர் வேலைக்கு எழுத்தரை வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். மேல்நிலைப் பள்ளிக்கு இளநிலை உதவியாளர் இருக்கிறார். நூறு பிள்ளைகள் இல்லாத தொடக்கப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியரே எழுத்தர், அவரே காவலர், அவரே தண்ணீர்க் குழாய் பார்ப்பவர். 31-லிருந்து 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் சுண்ணாம்புக்கட்டி, துடைப்பம், பழுது, எல்லாம் பார்த்த பிறகு இணையத்துக்கு என்ன மிஞ்சும்? அவர் உங்கள் செயலிகளை ஓட்டுவது தன் சொந்தக் கைப்பேசியில், தன் சொந்தக் காசில் போட்ட டேட்டாவில்.

சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஐந்து ஆசிரியர்களுக்கு மேல் தனியாக ஒரு தலைமை ஆசிரியர். அறுபது வரை இரண்டு ஆசிரியர்கள் மட்டும். ஆகவே மலையடிவாரத்துச் சின்னப் பள்ளியில் தலைமை ஆசிரியர் என்பவர் முழு வகுப்பும் எடுத்துக்கொண்டே தலைமையும் பார்க்க வேண்டும். அதையும் நாங்கள் முணுமுணுக்காமல் செய்துகொண்டுதான் இருந்தோம். மூன்றாவதாக ஒரு வேலையை அதன் தலையில் ஏற்றி, முதல் இரண்டையும் கீழே தள்ளிவிட்டீர்கள்.

பணியிடம் ஏன் நிரப்பவில்லை என்று கேட்டால் வழக்கு என்பீர்கள். பதவி உயர்வுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வு வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதன் நியாய அநியாயத்தை இங்கே பேச வரவில்லை. ஆனால் எங்கள் பள்ளியில் நாற்காலி காலியானது அந்தத் தீர்ப்புக்கு ஓராண்டுக்கு மேல் முன்னால். அதோடு, பதவி உயர்வு கொடுக்க முடியாவிட்டாலும் ஆசிரியர் ஒருவரை முழு நேரமாக அனுப்ப எந்த நீதிமன்றமும் தடை போடவில்லை.

குறிப்பாணைக்கு அவர் விளக்கம் கொடுத்துவிட்டார். நான்தான் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். முதலில் அவர் எழுதியிருந்தது: ‘இனி இவ்வாறு நிகழாது எனப் பணிவுடன் உறுதி கூறுகிறேன்.’ எது இனி நிகழாது என்று கேட்டேன். பேசாமல் இருந்தார். பிறகு, “நான் பாடம் எடுக்கறதாக்கா?” என்றார். அந்த வரியை அடித்துவிட்டு, காய்ச்சல், டவர், கரும்பு வெட்டு என்று நடந்ததை மட்டும் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நேரக் கெடு யாருக்கும் இல்லை போலிருக்கிறது.

நான் கேட்பவை இவை.

முதலில் அந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெறுங்கள். வாய்மொழியாக “விடும்மா, பாத்துக்கலாம்” என்பது போதாது. அவருடைய பணிப் பதிவேட்டின் பக்கம் அது போகக் கூடாது என்று எழுத்தில் வேண்டும். 17(அ) என்ற ஒழுங்கு நடவடிக்கை விதியின் பெயரை அலுவலகத்தில் யாரோ சொன்னதிலிருந்து அவருக்கு இரவில் தூக்கம் இல்லை.

எங்கள் பள்ளிக்கும், இதே நிலையில் உள்ள ஈராசிரியர் பள்ளிகளுக்கும், வருகிற ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் இரண்டாவது ஆசிரியரை முழு நேரமாக அமர்த்துங்கள். தலைமை ஆசிரியர் பணியிடத்தை நிரப்ப வழக்கு தடை என்றால், வழக்கு முடியும்வரை மாற்றுப் பணி ஆசிரியரை வாரம் ஐந்து நாளும் இங்கேயே இருக்கவிடுங்கள். அவர் பள்ளியில் அவர் இடம் காலியாகிவிடுமே என்பீர்கள். ஆமாம், அங்கேயும் ஆள் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துப் பார்க்கும் குறுவள மையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எழுத்தரை அமர்த்துங்கள். அந்த மையத்துக்கு உட்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு அவர் வாரம் ஒரு நாள் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தால் போதும். எமிஸ், ஆதார், ஓடிபி, உதவித்தொகை எல்லாம் அவர் கையில். இந்த வேலைக்கு எங்கள் ஊரிலேயே பட்டம் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் நான்கு பேரை என்னால் காட்ட முடியும், நான்கு பேரும் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தைப் பள்ளியிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் அனுப்புங்கள். சுற்றறிக்கை அனுப்புவது உங்களுக்குச் சிரமம் இல்லாத வேலை.

காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை எந்த அலுவலகமும் ஆசிரியரைக் கூப்பிடக் கூடாது, விவரம் கேட்கக் கூடாது, கூட்டம் வைக்கக் கூடாது. தீ, விபத்து, பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. தேர்தல் வந்தால் பயிற்சி வகுப்புகள் வரிசையாக வரும். ஈராசிரியர் பள்ளியில் இருவரையும் ஒரே நாளில் அழைக்க வேண்டாம் என்று தேர்தல் பணியைப் பார்க்கும் மாவட்ட நிர்வாகத்துக்கு இப்போதே எழுதுங்கள். நடந்த பிறகு எழுதிப் பயனில்லை.

கடைசியாக, பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர் பதிவேட்டைத் திறக்கும் முன் மூன்றாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகளை அழைத்து, ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். ஒரு கழித்தல் கணக்குப் போடச் சொல்லட்டும். ஆசிரியரோடு பதினைந்து நிமிஷம் அந்தப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசட்டும். பார்வை அறிக்கையின் முதல் பக்கம் அதுவாக இருக்கும்படி படிவத்தை மாற்றுங்கள். செயலி, படம், தோட்டம் எல்லாம் இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும். எங்கள் பள்ளிக்கு அடுத்த பார்வை பிப்ரவரியில் என்று சொல்கிறார்கள். அன்று 42-இல் 17-ஐக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். 35 என்று யாராவது சொன்னால் கோபிக்க வேண்டாம், ஈர்க்குச்சிக் கட்டு மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
கல்வராயன் மலை அடிவாரம்